கொதித்துப் போன ஹெரால்டு

கார் ஓடுவதற்குப் பெட்ரோல் வேண்டும் என்பதை யாவரும் அறிவோம். தண்ணீரும் வேண்டும் என்பதை நானும் தங்கையும் சென்ற மே மாதம், பெருங்களத்தூர் அருகே சாலையோரத்தில் நின்றுதான் கற்றுக்கொண்டோம்.

எங்கள் வீட்டில் தாத்தாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று உள்ளது. இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு என்னும் காரைப் பின்பற்றி, 1961 முதல் நம் தாம்பரத்தை அடுத்த வண்டலூரில் செய்யப்பட்ட வண்டி இது. நான்கு சிலிண்டர்களும் 948 சி.சி. அளவும் கொண்ட இஞ்சின். இதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. 1988-ஆம் ஆண்டோடு அங்கே கார் உற்பத்தி நின்றுவிட்டது. தாத்தா அந்தத் தொழிற்சாலையில் பிட்டராக வேலை பார்த்தவர். காரை விற்கும் பேச்சை யார் எடுத்தாலும் எழுந்து போய்விடுவார்.

அன்று செங்கல்பட்டில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டுப் பாட்டியுடன் திரும்பிக்கொண்டிருந்தோம். அக்னி நட்சத்திர வெயில். வண்டலூரைத் தாண்டியதும் ஜி.எஸ்.டி. சாலையில் நெரிசல். வண்டி ஊர்ந்து ஊர்ந்து போகையில் முன்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பிற்று. அப்பா ஓரமாக நிறுத்தி, ஒரு துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். “தொடாதே!” என்று தாத்தா கத்திய கத்தலில் அப்பா இரண்டடி பின்வாங்கினார். தாத்தா சட்டைக் கையை மடித்துக் காட்டினார். முழங்கைவரை பழைய தீப்புண் தழும்பு. “இருபது வயசிலே இதே அவசரம்தான் எனக்கும்” என்றார்.

தாத்தா சொன்னதன் காரணத்தைச் சமையலறையிலேயே காணலாம். பிரஷர் குக்கரில் ஆவி அடங்குமுன் மூடியைத் திறப்பதில்லை அல்லவா? ரேடியேட்டர் மூடியும் அதே வேலையைச் செய்கிறது. தண்ணீர் சாதாரணமாக 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும். மூடி சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் கொடுத்தால், ஏறத்தாழ 111 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் நீங்கும். 100 டிகிரிக்கு மேல் சூடான நீர் அப்போதே பொங்கி ஆவியாகும். தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 மடங்கு இடத்தை அடைக்கும். அது பீறிட்டுப் பாய்வது திறப்பவர் முகத்தில்தான்.

ஒரு மணி நேரம் மர நிழலில் காத்திருந்தோம். அந்த நேரத்தில் தாத்தா எங்களுக்குப் பாடம் நடத்தினார். ஹெரால்டின் பானெட், மட்கார்டுகளோடு சேர்ந்து முன்புறமாகக் கவிழ்வதால் இஞ்சின் முழுவதும் கண்ணுக்குத் தெரியும்.

பெட்ரோல் எரிந்து உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. மீதியில் ஒரு பகுதி புகையோடு போகிறது. மற்றொரு பெரும் பகுதியை இஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் எடுத்துக்கொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே மெல்லிய குழாய்களில் இறங்கும்போது காற்றுப் பட்டு ஆறி, மறுபடியும் இஞ்சினுக்குப் போகிறது. இவ்வாறு தண்ணீரைச் சுற்றிவரச் செய்வது வாட்டர் பம்ப். நம் உடலில் இதயம் செய்யும் வேலை அது. பேன் பெல்ட் அதைச் சுழற்றுகிறது. சூடான நீர் மேலேறும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்னும் வெப்பச்சலனத்தை மட்டுமே நம்பிப் பம்ப் இல்லாமல் ஓடிய வண்டிகளும் உண்டு. ஃபோர்டு ‘மாடல் டி’ கார்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவையே.

எங்கள் பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கும் சீல் தேய்ந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். வீட்டு வாசலில் ஒரு மாதமாக ஈரத்தைப் பார்த்தும் நாங்கள் யாரும் பொருட்படுத்தவில்லை!

இஞ்சின் ஆறியபின் தண்ணீர் ஊற்றி, மெல்ல வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் அப்பாவும் தாத்தாவும் வேலையைத் தொடங்கினர். ஸ்பானர் எடுத்துக் கொடுத்தது நாங்கள். பாட்டரி இணைப்பைக் கழற்றி, ரேடியேட்டர் தண்ணீரை வடித்தார்கள். டைனமோவின் போல்ட்டைத் தளர்த்திப் பெல்ட்டை எடுத்தபின், ஹோஸ் குழாய்களையும் பம்பையும் கழற்றினார்கள். கழற்றிய பம்பை மாதிரிக்குக் கையில் கொண்டுபோய், பழைய வண்டிப் பாகங்களுக்குப் பெயர் பெற்ற புதுப்பேட்டையில் இரண்டு நாள் தேடி அதே அளவில் வாங்கி வந்தார்கள். ஒட்டியிருந்த பழைய கேஸ்கட்டைச் சுரண்டுவது எங்கள் பங்கு. ஒரு துணுக்கு மிஞ்சினாலும் அங்கே ஒழுகும் என்று தாத்தா மூன்று முறை திருப்பி அனுப்பினார். புதிய கேஸ்கட் வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்கினார்கள். பெல்ட்டை விரலால் அழுத்தினால் அரை முதல் முக்கால் அங்குலம் அமுங்க வேண்டும். கடைசியாகத் தண்ணீரை மெதுவாக ஊற்றி, மூடாமலே இஞ்சினைச் சிறிது ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்று வெளியேறியதும் மறுபடி நிரப்பி மூடினார்கள்.

ரேடியேட்டரைக் கழுவியபோது வெள்ளையும் பழுப்புமாகப் படிவு வந்தது. போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் படியும் அதே உப்புத்தான். அது குழாயை அடைப்பதோடு வெப்பத்தையும் வெளியே விடாது. ஆகவே இப்போது சுத்திகரித்த நீரில் கூலன்ட் கலந்து ஊற்றுகிறோம். அது துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். ஆனால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சாதலால், குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாமல் வைக்க வேண்டும்.

பழைய வண்டி வைத்திருப்போர் வாரம் ஒருமுறை, இஞ்சின் ஆறியிருக்கும்போது தண்ணீர் அளவையும் பெல்ட்டையும் ஹோஸையும் பார்த்தால் போதும். வழியில் கொதித்தால் உடனே நிழலில் நிறுத்துங்கள், சூடான இஞ்சின்மேல் தண்ணீரைக் கொட்டாதீர்கள், இரும்பு விரிசல் விடக்கூடும், மூடியைத் தொடாதீர்கள்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் தாத்தா கூப்பிடுமுன்பே நாங்கள் பானெட் அருகில் நிற்கிறோம். வண்டியை விற்கும் பேச்சு வீட்டில் எழுவதில்லை. அப்பாவின் கையில் தழும்பு இல்லாததற்கு நாங்கள் இறைவனுக்கு நன்றி சொல்கிறோம், தாத்தாவின் கத்தலுக்கும்தான்.