இரட்டை இயங்குதளக் கணினி தொடங்க மறுக்கும்போது

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டதும், அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும் ஓரளவு புதிய செயலியையும் கட்டாயமாக்கியதும், நல்ல நிலையிலுள்ள பழைய கணினிகளை வைத்திருப்போர் பலரை லினக்ஸ் இயங்குதளத்தின் பக்கம் திருப்பியுள்ளன. ஆயினும் திருகோணமலைத் துறைமுக நகரிலும் அதைச் சூழ்ந்த உப்புவெளி, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் முதலிய ஊர்களிலும் விண்டோஸை முற்றாகக் கைவிடுதல் எல்லோர்க்கும் இயலுவதன்று. பாமினி எழுத்துருவையும் பேஜ்மேக்கரையும் கொண்டு உருவாக்கிய அச்சகக் கோப்புகளும், கடைகளின் கணக்கு மென்பொருள்களும் அதனையே சார்ந்துள்ளன. மறுபுறம், உயர்தர வகுப்பின் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்தில் பைதன் நிரலாக்கம் பயிலும் மாணவருக்கும், நிலாவெளி கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் கற்போருக்கும் லினக்ஸ் சிறந்த பயிற்சிக் களமாகும். ஆகவே இரண்டையும் ஒரே கணினியில் நிறுவி, இயக்கும் வேளையில் வேண்டியதைத் தெரிவுசெய்யும் இரட்டைத் தொடக்க முறை பலருக்கும் பொருத்தமான வழியாகிறது.

இவ்வாறு அமைந்த கணினி ஒருநாள் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டாலோ, லினக்ஸ் இருந்த சுவடே தெரியாமல் விண்டோஸ் மட்டும் திறந்தாலோ, வன்தட்டை போர்மட் செய்து விண்டோஸை மீள நிறுவுவதே முதல் மருந்தாகப் பரிந்துரைக்கப்படுவதுண்டு. அது பெரும்பாலும் தேவையற்றது; ஒரு மாணவரின் ஆய்வேட்டையும் ஓர் ஆசிரியரின் பல்லாண்டுக் குறிப்புகளையும் ஒருங்கே அழிக்கவல்லது. கப்பல் பழுதின்றி இருந்தும், உட்துறைமுகத்துக்குள் அதை அழைத்துச் செல்லும் பைலட் ஏறாமையால் வெளியே நங்கூரமிட்டு நிற்பதைப் போன்றதே இந்நிலை. கோப்புகளும் இரு இயங்குதளங்களும் வன்தட்டில் முழுமையாக இருக்க, அவற்றுக்கு வழிகாட்டும் சிறு நிரல் மட்டுமே பெரும்பாலும் கெட்டிருக்கும்.

கணினி தொடங்கும் வரிசை

கணினியின் ஆளியை அழுத்தியதும் முதலில் இயங்குவது, தாய்ப்பலகையின் சில்லில் பதிக்கப்பட்ட நிலைபொருளாகும். பழைய கணினிகளில் இது பயோஸ் எனவும் பிற்காலத்தவற்றில் யூ.ஈ.எப்.ஐ. எனவும் வழங்கும். பயோஸ், வன்தட்டின் முதற்கூறான 512 பைட்டுகளை மட்டுமே வாசிக்கும். எம்.பி.ஆர். எனப்படும் அக்கூற்றில் தொடக்க நிரலுக்கு 446 பைட்டுகளே உள்ளமையால், அங்கே ஒரே ஒரு நிரலுக்குத்தான் இடமுண்டு; லினக்ஸுக்குப் பின்னர் நிறுவப்படும் விண்டோஸ் அவ்விடத்தில் தன் நிரலை எழுதிவிடுவதால் லினக்ஸுக்கான வழி மறைகிறது. யூ.ஈ.எப்.ஐ. முறையிலோ, ஈ.எஸ்.பி. எனப்படும் தனியொரு சிறு வன்தட்டுப் பிரிவில் ஒவ்வொரு இயங்குதளத்தின் தொடக்க நிரலும் தனித்தனிக் கோப்புறையில் இருக்க, எதை முதலில் அழைப்பது என்ற வரிசை தாய்ப்பலகையின் நினைவகத்தில் பதிந்திருக்கும்.

நிலைபொருள் அடுத்து அழைப்பது கிரப் என்னும் தொடக்க நிரலை. எரிக் போலைன் 1995இல் எழுதத் தொடங்கிய இந்நிரலே இன்று பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இயங்குதளங்களின் பட்டியலைக் காட்டுகிறது. கிரப், லினக்ஸின் கேர்னல் எனப்படும் கருவை நினைவகத்தில் ஏற்றும்; கேர்னல், இனிட்ராம்.எப்.எஸ். என்னும் தற்காலிகக் கோப்புத் தொகுதியின் துணையோடு உண்மையான லினக்ஸ் பிரிவைத் திறக்கும். நிலைபொருள், கிரப், கேர்னல், லினக்ஸ் பிரிவு என்னும் நான்கு படிகளில் எதில் கணினி நின்றது என்பதைத் திரையில் தோன்றும் செய்தியே காட்டுவதால், அதை நிதானமாக வாசிப்பதே பழுதுபார்த்தலின் முதற்பணியாகும்.

அறிகுறிகளும் தீர்வுகளும்

கிரப் பட்டியலே தோன்றாமல் நேராக விண்டோஸ் திறக்குமாயின் குறை முதற்படியில் உள்ளது. யூ.ஈ.எப்.ஐ. கணினியில், நிலைபொருளின் அமைப்புத் திரைக்குச் சென்று, தொடக்க வரிசையில் உபுண்டு போன்ற லினக்ஸின் பெயரை முதலிடத்துக்கு நகர்த்துவதே பெரும்பாலும் போதுமானது. அப்பெயர் அங்கே இல்லையெனில், அல்லது கணினி பயோஸ் முறையில் இயங்குவதெனில், லினக்ஸ் பதியப்பட்ட பென் டிரைவைக் கொண்டு கணினியைத் தொடங்கி, நிறுவப்பட்டிருக்கும் லினக்ஸ் பிரிவைத் திறந்து, கிரப்-இன்ஸ்டால் கட்டளையால் தொடக்க நிரலை மீளப் பதிக்க வேண்டும். கட்டளைகளுக்குப் பழகாதோர்க்கு இதே பணியைச் செய்துதரும் பூட்-ரிப்பேர் என்னும் கருவியும் உண்டு. விண்டோஸ் எந்த முறையில் நிறுவப்பட்டுள்ளதோ அதே முறையில் பென் டிரைவையும் தொடங்குதல் இங்கு இன்றியமையாதது, யூ.ஈ.எப்.ஐ. கணினியில் பயோஸ் முறையில் தொடங்கிச் செய்யும் திருத்தம் பயன் தராது.

கிரப் ரெஸ்கியூ என்ற சொற்களோடு திரை நிற்குமாயின், கிரப்பின் ஒரு பகுதி இயங்கியும் அதன் எஞ்சிய கோப்புகளைக் கண்டறிய முடியவில்லை என்பது பொருள். விண்டோஸிலிருந்து வன்தட்டுப் பிரிவுகளை அழித்தல், அளவு மாற்றுதல் ஆகியவற்றால் இந்நிலை ஏற்படுகிறது. லினக்ஸ் பிரிவு அழிக்கப்படாமல் இருந்தால், மேற்கூறிய பென் டிரைவின் துணையுடன் கிரப்பை மீளப் பதிப்பதே பாதுகாப்பான தீர்வாகும், அழிக்கப்பட்டிருந்தாலும்கூட, யூ.ஈ.எப்.ஐ. கணினியில் தொடக்கப் பட்டியலிலுள்ள விண்டோஸ் பூட் மனேஜரைத் தெரிவுசெய்து விண்டோஸுக்குள் நுழையலாம்.

கிரப் பட்டியலில் விண்டோஸ் மட்டும் காணப்படாமையும் பலரைக் கலங்கச் செய்வதுண்டு. பிற இயங்குதளங்களைத் தேடிப் பட்டியலில் சேர்க்கும் ஓ.எஸ். புரோபர் என்னும் கருவி, 2021இல் வெளியான கிரப் 2.06 பதிப்பிலிருந்து பாதுகாப்புக் காரணத்தால் இயல்பாக முடக்கப்பட்டிருப்பதே இதற்குப் பொதுவான காரணம். கிரப்பின் அமைப்புக் கோப்பில் அத்தடையை நீக்கி, அப்டேட்-கிரப் கட்டளையை இயக்கினால் விண்டோஸ் மீண்டும் பட்டியலில் சேரும்.

இரு இயங்குதளங்களுள் ஒன்றன் எல்லைக்குள் மற்றது புகுவதாலும் சிக்கல் எழும். கையொப்பமிடப்பட்ட நிரல்களை மட்டுமே தொடக்க அனுமதிக்கும் செக்கியூர் பூட் ஏற்பாட்டுக்காக, ஷிம் என்னும் சிறு நிரல் லினக்ஸுக்கு முன்பாக இயங்குகிறது. 2024 ஓகஸ்ட் 13ஆம் திகதி வெளியான விண்டோஸ் இற்றைப்படுத்தல், பழைய ஷிம் பதிப்புகளைத் தடுக்கும் விதியை இரட்டைத் தொடக்கக் கணினிகளிலும் புகுத்திவிட்டதால், உலகெங்கும் பல கணினிகளில் ஷிம் பதிப்பைச் சோதிக்கும் எஸ்.பி.ஏ.டி. பரிசோதனை தோல்வியுற்றதாகச் செய்தி தோன்றி லினக்ஸ் தொடங்காமற்போனது. இதற்கான முழுத் தீர்வு 2025 மே மாத இற்றைப்படுத்தலிலேயே வந்தது. இத்தகைய வேளையில் செக்கியூர் பூட்டைத் தற்காலிகமாக முடக்கி, லினக்ஸைத் தொடங்கி, அதனை இற்றைப்படுத்தியபின் செக்கியூர் பூட்டை மீண்டும் இயக்குவது முறையான வழியாகும். எனினும் விண்டோஸின் பிட்லொக்கர் குறியாக்கம் உள்ள கணினியில் இம்மாற்றம் 48 இலக்க மீட்புத் திறவெண்ணைக் கேட்கச் செய்யக்கூடுமாதலால், அவ்வெண்ணை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்திராமல் செக்கியூர் பூட்டில் கைவைக்கலாகாது.

மின்தடையும் மின்கலமும் கடிகாரமும்

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டை அனுபவித்த, 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டதையும் கண்ட இலங்கையில், கேர்னல் இற்றைப்படுத்தப்படும் நடுவே மின்சாரம் போவது நிகழக்கூடியதே. அதன் விளைவாக இனிட்ராம்.எப்.எஸ். முழுமையடையாமல் கேர்னல் நின்றுவிடுமாயின், கிரப் பட்டியலில் மேலதிகத் தெரிவுகள் என்ற பகுதியைத் திறந்து பழைய கேர்னலைத் தெரிவுசெய்தால் லினக்ஸ் தொடங்கும். பின்னர் இடைநின்ற இற்றைப்படுத்தலை நிறைவுசெய்யலாம். பழைய மேசைக் கணினிகளில், தாய்ப்பலகையிலுள்ள சி.ஆர். 2032 வகை மின்கலம் வலுவிழக்கும்போது நிலைபொருளின் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பித் தொடக்க வரிசையும் மாறிவிடக்கூடும். கணினியை நிறுத்தும்போதெல்லாம் திகதி பழையதாகிவிடுவது இதன் தெளிவான அடையாளம். நாணய அளவேயான அம்மின்கலத்தை மாற்றுவதே தீர்வு.

லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறியதும் நேரம் சரியாக ஐந்தரை மணித்தியாலம் பின்தங்கியிருந்தால் அதற்கு மின்கலம் காரணமன்று. தாய்ப்பலகைக் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் கொள்ள, இலங்கை நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியிருப்பதால் இவ்வேறுபாடு தோன்றுகிறது, டைம்டேட்.சி.டி.எல். கட்டளையால் லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அதேபோல், விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி கணினியை முழுமையாக நிறுத்தாமல் உறங்கவைப்பதால், விண்டோஸ் பிரிவில் லினக்ஸ் எழுத முடியாமற்போகும்; இரட்டைத் தொடக்கக் கணினியில் அதை முடக்கிவைப்பதே நலம்.

முன்னேற்பாடு

இவை அனைத்துக்கும் வேண்டிய கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. லினக்ஸ் பதிந்த பென் டிரைவ் ஒன்றும், முக்கியக் கோப்புகளின் பிரதியுள்ள வெளி வன்தட்டு ஒன்றும், தாளில் எழுதிய மீட்புத் திறவெண்ணும் கையிலிருக்க, விண்டோஸை முதலிலும் லினக்ஸைப் பின்னரும் நிறுவியவருக்குத் தொடக்கத் தடை பெரும்பாலும் சில மணித்தியால வேலையே. உயர்தர மாணவர்க்கு இயங்குதளம் பற்றிப் பாடம் நடத்தும் பள்ளிகளும், திருகோணமலை வளாகமும், ஊர்தோறும் உள்ள பழுதுபார்க்கும் கடைகளும் இப்பயிற்சியைத் தமிழில் அளிக்க முன்வர வேண்டும். கணினியைப் பழுதுபார்க்கக் கொடுப்பவரும், வன்தட்டிலுள்ள கோப்புகள் வேறிடத்தில் பிரதியெடுக்கப்பட்டதைத் தம் கண்ணால் காணும்வரை போர்மட் செய்ய ஒப்புக்கொள்ளக் கூடாது.