வரலாற்று மேற்படிப்பு: விண்ணப்பமும் காத்திருப்பும்

தபாலை எதிர்பார்த்துக் காத்திருத்தல் ஊவாத் தோட்டங்களுக்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராகிய மக்கள், மனுக்களை அனுப்பிவிட்டுப் பதிலுக்காக ஆண்டுகள் பலவற்றைக் கழித்தனர். 1964இல் ஏற்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியவராக வகுத்தது. எஞ்சிய 150,000 பேரைப் பற்றிய முடிவு 1974 வரை தாமதித்தது. ஒப்பந்தங்களின் பின்னரும் நாடற்றவராகவே இந்நாட்டில் தங்கிவிட்டோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமும் வழி திறந்தது. அம்மக்களின் வழிவந்த இளைஞரும் யுவதியரும் இன்று வேறொரு வகை மனுவையும் எழுதலாம். அது பல்கலைக்கழகமொன்றில் வரலாற்றை மேலும் கற்பதற்கான விண்ணப்பம். அவ்விண்ணப்பம் எவ்வாறு அமைதல் வேண்டும், பதில் வரும்வரை செய்யத்தக்கது யாது என்பனவே இங்கு விளக்கப்படுகின்றன.

பதுளை மாவட்டத்து மாணவர் முதற்பட்டப் படிப்புக்குச் செல்வதே எளிதான காரியமன்று. பல்கலைக்கழக அனுமதியில் நாற்பது வீதம் நாடளாவிய திறமைக்கும், ஐம்பத்தைந்து வீதம் மாவட்டங்களுக்கும், ஐந்து வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. பதுளையும் அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. 2005இல் பதுளையில் அமைந்த ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தொழில்நுட்பம், முகாமைத்துவம் முதலிய துறைகளையே முதன்மையாகக் கொண்டது. ஆதலின், வரலாற்றைச் சிறப்பாகக் கற்க விரும்புவோர் பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ வேறிடத்துக்கோ செல்கின்றனர். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் சிறப்புப் பட்டம் ஆறாம் படியிலும், பாடநெறி வழியான முதுமாணிப் பட்டம் ஒன்பதாம் படியிலும், முதுதத்துவமாணி பதினொன்றாம் படியிலும், கலாநிதிப் பட்டம் பன்னிரண்டாம் படியிலும் வைக்கப்பட்டுள்ளன. தாம் நிற்கும் படி எது, ஏற விரும்பும் படி எது என்பதை அறிந்துகொள்வதே விண்ணப்பதாரரின் முதற் கடமை.

இத்துறையில் முன்னோர் நடந்த பாதையும் உண்டு. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் தோன்றுமுன், இந்நாட்டு மாணவர் இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கே தோற்றினர். அதன் பின்னரும் வரலாற்று ஆராய்ச்சிக்கு இலண்டன் செல்லும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. பேராசிரியர் கா. இந்திரபாலா தமது ஆராய்ச்சிக்காக 1965இலும், பேராசிரியர் சி. பத்மநாதன் 1969இலும் அங்கே கலாநிதிப் பட்டம் பெற்றனர். நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், 2005இல் வெளியிட்ட நூலில், இலங்கைத் தமிழரின் தோற்றம் பற்றிய தமது பழைய முடிவுகளை இந்திரபாலா புதிய சான்றுகளின் ஒளியில் மறுபரிசீலனை செய்தார். தம் முடிவைத் தாமே திருத்தும் துணிவு வரலாற்று மாணவனுக்கு இன்றியமையாதது என்பதற்கு இது நல்ல சான்று.

விண்ணப்பத்தின் உயிர்நாடி, மாணவர் தமது நோக்கத்தை விளக்கி எழுதும் கட்டுரையும் ஆராய்ச்சித் திட்டமுமாகும். வரலாற்றின்மீது தமக்குச் சிறுவயது முதலே ஆர்வம் உண்டென்று எழுதுவதால் பயனில்லை. அவ்வாறு எழுதாதவர் அரியர். தேர்வாளர் தேடுவது ஒரு கேள்வியை. "மலையக மக்களின் வரலாறு" என்பது கேள்வியன்று. அது ஒரு கடல். கடலில் ஒரு துறையைக் காட்ட வேண்டும்.

ஓர் உதாரணம் கொள்வோம். புகையிரதப் பாதை பண்டாரவளையை 1894இல் அடைந்தது. பதுளையை எட்டியதோ 1924இல். மறுபுறம், பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்கு வருவதை இந்திய அரசாங்கம் 1939இல் தடைசெய்தது. இவ்விரு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில், பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டங்களுக்குத் தொழிலாளர் வந்து சேர்ந்த வழியும் கங்காணியின் செல்வாக்கும் எவ்வாறு மாறின? இது விடை தேடத்தக்க கேள்வி. இதற்குத் தொடக்கமும் உண்டு, முடிவும் உண்டு. சான்றுகளும் உள்ளன: கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்து ஆவணங்கள், அரசாங்கத்தின் ஆண்டு நிர்வாக அறிக்கைகள், இலங்கையில் இருந்த இந்திய அரசாங்க முகவரின் ஆண்டறிக்கைகள், எஞ்சியுள்ள தோட்டப் பேரேடுகள், முதியோர் தம் பெற்றோரிடமிருந்து கேட்டு நினைவில் வைத்திருப்பவை. ஆங்கில ஆவணத்தையும் தமிழ் வாய்மொழியையும் ஒருங்கே கையாள வல்லவர் என்பதே தோட்டத்து மாணவரின் தனிப்பலம். அதனை விண்ணப்பத்தில் வெளிப்படையாக எழுதுதல் தற்பெருமையாகாது.

நோக்கக் கட்டுரையோடு பெறுபேற்றுச் சான்றிதழ், முன்னர் எழுதிய ஆய்வுக்கட்டுரையொன்று, ஆசிரியர் இருவர் அல்லது மூவரின் பரிந்துரைக் கடிதங்கள் ஆகியனவும் கோரப்படும். பிறநாடாயின் ஆங்கில அறிவுப் பரீட்சையும் வேண்டப்படலாம். பரிந்துரைப்பவருக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னரே அறிவித்து, தமது ஆராய்ச்சித் திட்டத்தின் பிரதியையும் கொடுத்தல் நன்று. மாணவரின் வேலையை நேரிற் கண்ட விரிவுரையாளர் எழுதும் கடிதமே, பதவியால் உயர்ந்தவர் எழுதும் பொதுப்படையான புகழுரையிலும் பெறுமதி மிக்கது. விண்ணப்பக் கட்டணமும் பெருஞ்சுமையாகலாம். வசதி குறைந்தோருக்கு அதனைத் தள்ளிவைக்கும் பல்கலைக்கழகங்கள் உள்ளன, கேட்பதற்கு வெட்கப்படலாகாது.

இனி, காத்திருக்கும் காலம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கலாநிதிப் படிப்புக்கான விண்ணப்பங்கள் டிசம்பரிலோ ஜனவரியிலோ முடிவுறும். பெரும்பாலான பதில்கள் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வரும். உதவிப்பணத்துடன் இடம் அளிக்கப்பெற்றவர் தம் முடிவை ஏப்ரல் 15க்கு முன் தெரிவிக்குமாறு நெருக்கப்படலாகாது என்ற உடன்பாட்டைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்றுள்ளன. ஆகவே, முதலில் வந்த பதிலுக்கு அன்றே உடன்பட வேண்டியதில்லை.

வரும் பதில் நான்கு வகைப்படும். உதவிப்பணத்துடன் இடம் கிடைத்தல் ஒன்று. உதவிப்பணமின்றி இடம் கிடைத்தல் மற்றொன்று. காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்படுதல் மூன்றாவது, மறுப்பு நான்காவது. இவற்றுள் மிக்க கவனத்துக்குரியது இரண்டாவதே. அனுமதிக் கடிதம் வந்த மகிழ்ச்சியில், நகையை அடகுவைத்தும் கடன்பட்டும் பிள்ளையை அனுப்பும் குடும்பம் பின்னர் பெருந்துயருக்கு ஆளாகலாம். கடிதத்தில் கல்விக் கட்டணம் எவ்வளவு, வாழ்க்கைச் செலவுக்கு யாது வழி, உதவி எத்தனை ஆண்டுகளுக்கு என்ற மூன்றையும் கண்டறிந்த பின்னரே மறுமொழி எழுத வேண்டும்.

மறுப்பு வருமாயின், அது மாணவரின் அறிவுக்கு வழங்கிய தீர்ப்பன்று. இடங்கள் மிகச் சில. அத்துடன், அக்கேள்வியை வழிநடத்தத்தக்க பேராசிரியர் அவ்வாண்டு அங்கே இல்லாமலிருக்கலாம். திட்டத்தைத் திருத்தி மறு ஆண்டு அனுப்பி இடம் பெற்றோர் பலர். உள்நாட்டிலேயே முதுதத்துவமாணி ஆய்வைத் தொடங்குவதும் தாழ்வன்று. ஊவாவின் சான்றுகள் ஊவாவுக்கும் கொழும்புக்கும் அண்மையிலேதான் இருக்கின்றன.

நாட்கூலிக்குக் கொழுந்தெடுக்கும் தாய், சரித்திரம் படித்தால் என்ன உத்தியோகம் கிடைக்கும் என்று மகளை வினவுதல் இயல்பு. அவ்வினாவை இகழ்தல் தகாது. கலாநிதிப் படிப்பு ஐந்தாறு ஆண்டுகளை விழுங்கும். வீட்டுக்கு வரவேண்டிய சம்பளம் அதுவரை வராது. ஆகையால் ஆசிரியத் தொழில் போன்ற வேறொரு வழியையும் கைவிடாது வைத்துக்கொண்டு விண்ணப்பிப்பதே விவேகம். ஆயினும், அத்தாயின் வாழ்வையும் அவள் தாயின் வாழ்வையும் எழுதிவைக்க வேண்டியவர் யார் என்ற வினாவும் உண்டு. துரைமார் தம் குறிப்புகளை எழுதிவைத்துச் சென்றனர். கச்சேரி அதிகாரிகளும் எழுதினர். பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடப்பட்டவர்கள் எழுதிவைத்தவை மிகக் குறைவு.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள், கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியது. உயிர்கள் பல மாண்டன. அத்தகைய லயக் காம்பராக்களின் தகரப்பெட்டிகளிலேதான் பிறப்புச் சாட்சிப் பத்திரமும், பழைய கடவுச்சீட்டும், இந்தியாவுக்குச் சென்ற உறவினரின் கடிதங்களும் இருப்பது வழக்கம். மனிதரோடு அவர்தம் சான்றுகளும் மண்ணுள் மறையக்கூடும் என்பதை அந்நாள் உணர்த்திற்று.

ஆகவே, பதிலுக்குக் காத்திருக்கும் மாதங்கள் வீண் மாதங்களாக வேண்டியதில்லை. லயத்தில் வாழும் மூதாட்டியிடம் அவர் பிறந்த ஆண்டையும், குடும்பம் புறப்பட்ட ஊரையும், வேலை பார்த்த மலையையும் கேட்டுத் தேதியிட்டு எழுதிக்கொள்ளலாம். பெட்டியிலுள்ள பத்திரங்களைப் படம்பிடித்து இரண்டு இடங்களிற் பாதுகாக்கலாம். இதற்கு எப்பல்கலைக்கழகத்தின் அனுமதியும் தேவையில்லை. கடிதம் எப்பதிலைக் கொண்டுவந்தாலும், அந்தக் குறிப்புப் புத்தகம் அடுத்த விண்ணப்பத்துக்கு மூலதனமாகும். ஊவா மக்களின் வரலாற்றுக்கோ அது என்றும் உதவும்.