வெளிப்பாட்டிய நடிப்பும் நடிகர் எதிர்கொள்ளும் அறைகூவல்களும்

முன்னுரை

மனிதரைப் புறத்தே தோன்றியவாறு காட்ட முயன்றது இயற்பண்பு நாடகம். 1910களில் செருமனியில் வளர்ந்த வெளிப்பாட்டிய நாடகமோ அகக்கொந்தளிப்பையே காட்சியாக்கியது. அதன் நடிப்பை வெறும் மிகைநடிப்பு எனக் கருதுவோர் உளர். அக்கருத்தின் பொருத்தப்பாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

கோர்ன்ஃபெல்டின் கோட்பாடு

நாடகாசிரியர் பவுல் கோர்ன்ஃபெல்டு 1916இல் நடிகருக்கென ஒரு பின்னுரை எழுதினார். நடிகர் தாம் நடிப்பதை மறைக்க வேண்டியதில்லை. சாவை நடிக்க மருத்துவமனைக்குச் சென்று பார்த்துவரவும் வேண்டியதில்லை என்பது அவர் கருத்து. வாழ்வில் பிறவற்றோடு கலந்தே வரும் உணர்ச்சியை மேடையில் தூய்மையாகத் தனித்துக் காட்டவேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

உடலும் குரலும்

இத்தூய்மை நடிகரின் சுமையைக் கூட்டுகிறது. கோப்பையை எடுத்தல், நாற்காலியை நகர்த்துதல் முதலிய அன்றாடச் செயல்களின் துணை அவருக்கு இல்லை. உரையாடல் தந்திமொழிபோல் சுருங்குவதால், சொற்களுக்கிடையேயான தொடர்பை மூச்சும் தாளமும் உடல்விறைப்புமே உணர்த்தவேண்டும். மேலும், உச்சத்தில் தொடங்குபவர்க்கு அதற்குமேல் ஏற இடமில்லை. எங்கே அடங்குவது என்பதை அவர் முன்னரே வரையறுத்துக்கொள்ள வேண்டும்.

திரைச் சான்று

'டாக்டர் கலிகாரியின் கேபினட்' (1920) திரைப்படத்தில் கான்ராட் வெய்ட், வெர்னர் கிராஸ் ஆகியோரின் உடலசைவுகள் சாய்கோட்டு அரங்க ஓவியங்களோடு ஒன்றுகின்றன. துயில்நடையராக வெய்ட் சுவரையொட்டி நகர்கையில் சுவரின் கோடே உயிர்பெற்றதுபோல் தோன்றுகிறது. இயல்பாக நடித்த பிறர் அவ்வரங்கிலிருந்து விலகித் தெரிகின்றனர்.

முடிவுரை

மிகைநடிப்பு அசைவுகளைப் பெருக்குகிறது; வெளிப்பாட்டிய நடிப்பு பலவற்றை நீக்கி ஒன்றைப் பெரிதாக்குகிறது. நீக்கியபின் எஞ்சும் உணர்ச்சி உண்மையற்றதாயின், அதனை மறைக்க நடிகரிடம் வேறெதுவும் இல்லை. எனவே இது கட்டற்ற நடிப்பன்று. கடும் ஒழுங்கினை வேண்டுவது.