பழைய வேட்டைத் துப்பாக்கியை ஆன்லைனில் விற்கலாமா?

இந்தியாவில் வேட்டைக்கு 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிந்தைய திருத்தங்களும் ஏறக்குறைய முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. ஆனால், தாத்தா காலத்தில் வேட்டைக்கென்று வாங்கிய டபுள் பேரல் துப்பாக்கிகள் இன்னும் பல வீட்டு பீரோக்களில் இருக்கின்றன. உரிமத்தைப் புதுப்பிக்க அலைய வேண்டும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். 'விற்றுவிட்டால் என்ன?' என்று ஒருநாள் தோன்றுவது இயல்பு. நாலு படம் எடுத்து ஆன்லைனில் போட்டால் போயிற்று என்று நினைப்பவர்களும் உண்டு.

ஆள் தேட இணையம் உதவும். விற்பனை அங்கே நடக்காது. பழைய பைக்கை விற்கும்போது பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டு, ஆர்.சி. மாற்றத்தை அப்புறம் பார்த்துக்கொள்கிறோம். துப்பாக்கியில் காகிதம் முதலில், பொருள் கடைசியில். இந்த வரிசை மாறினால் விற்பவரும் குற்றவாளி.

உங்கள் கையில் இருப்பது சட்டப்படி உங்களுடையதா?

உங்கள் பெயரில், காலாவதியாகாத உரிமம் இருக்க வேண்டும். அதில் யூஐஎன் எனப்படும் தனி அடையாள எண்ணும் இந்தத் துப்பாக்கியின் விவரமும் இருக்க வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 2019-ம் ஆண்டு திருத்தத்தின்படி உரிமத்தின் ஆயுள் ஐந்து ஆண்டுகள்.

உரிமம் அப்பா பெயரில் இருந்து, அவர் இறந்துவிட்டார் என்றால் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பதே தவறு. தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. அப்படி ஒப்படைத்ததைத் தகுதியுள்ள ஒருவருக்கு விற்கும் உரிமை வாரிசுக்கு உண்டு. ஆனால், கெடு இருக்கிறது. அதற்குள் விற்கவோ தன் பெயரில் உரிமம் எடுக்கவோ செய்யாவிட்டால், துப்பாக்கி அரசுக்குப் போய்விடலாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஒப்புதல் கடிதம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள்.

45 நாள் விதி

ஆயுத வியாபாரம் செய்யத் தனி உரிமம் வேண்டும். ஆனால், சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் துப்பாக்கியை விற்க ஒரு தனிநபருக்கு அந்த வியாபார உரிமம் தேவையில்லை. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு இந்தச் சலுகையைத் தருகிறது. அதற்கு இரண்டு நிபந்தனைகள்.

ஒன்று, விற்கப்போவதையும் வாங்குபவரின் விவரங்களையும் மாவட்ட நடுவரான ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். இரண்டு, தெரிவித்த நாளிலிருந்து குறைந்தது 45 நாட்கள் கழிந்த பிறகே துப்பாக்கி கைமாற வேண்டும்.

வாங்குபவர் முடிவான பிறகுதான் கடிதம் எழுத முடியும் என்பதைக் கவனியுங்கள். 'யாருக்காவது விற்கப்போகிறேன்' என்று பொதுவாக எழுதினால் நாள் கணக்கு தொடங்காது. கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள். சட்டம் கேட்பது தகவல் மட்டும்தான் என்றாலும், உங்களுக்கு உரிமம் கொடுத்த அலுவலகத்திலிருந்து எழுத்தில் ஒரு பதில் வரும்வரை காத்திருப்பது நல்லது. சென்னை போன்ற மாநகரங்களில் அந்த அலுவலகம் காவல் ஆணையருடையது.

விளம்பரம் போடும்போது

பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் தனிநபர்கள் துப்பாக்கி விற்பதை 2016 முதல் தங்கள் விதிகளில் தடை செய்துள்ளன. எனவே, துப்பாக்கி உரிமையாளர்களுக்கென்றே இயங்கும் தளங்களிலும் துப்பாக்கிச் சங்க வட்டாரங்களிலும்தான் தேட வேண்டியிருக்கும்.

விளம்பரத்தில் தயாரிப்பாளர் பெயர், குழல் ஒன்றா இரண்டா, எத்தனை போர், எந்த நிலையில் இருக்கிறது, உரிமம் உள்ளவர்கள் மட்டும் அணுகலாம் என்ற வரி ஆகியவை போதும். வீட்டு முகவரியும், துப்பாக்கியின் முழு எண்ணும் தெரியும் படமும் வேண்டாம். திருடனுக்கு நாமே வழி சொன்னதாகிவிடும்.

நிலையை உள்ளபடி சொல்லுங்கள். தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, டபுள் பேரல் துப்பாக்கியின் முன்பக்க மரப்பிடியைக் கழற்றிக் குழலைப் பிரித்துப் பாருங்கள். குழலின் அடிப்பக்கத் தட்டையில் சிறுசிறு முத்திரைகள் இருக்கும். சோதனைச் சாலையின் முத்திரையும் போர் அளவும் அங்கே தெரியும். பலவற்றில் தோட்டா அறையின் நீளமும் பொறித்திருக்கும். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றில் அந்த அறை 65 மில்லிமீட்டர்தான். இப்போது கிடைக்கும் 70 மில்லிமீட்டர் தோட்டாவை அதில் போட்டுச் சுட்டால் அழுத்தம் எகிறும், குழலே வெடிக்கலாம். வாங்குபவரிடம் இதை மறைப்பது பாவம்.

எண்ணோ அடையாளமோ இல்லாத, அழிக்கப்பட்ட துப்பாக்கியை விற்கவே முடியாது. குழலை அறுத்துக் குட்டையாக்கிய துப்பாக்கியும் அப்படித்தான். அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் விளம்பரத்தை மறந்துவிட்டு வழக்கறிஞரைப் பாருங்கள்.

வாங்குபவரிடம் பார்க்க வேண்டியவை

அசல் உரிமத்தை நேரில் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படத்தை நம்பாதீர்கள். வாங்குபவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அவருடைய உரிமம் உங்கள் துப்பாக்கியின் வகைக்கும் போருக்கும் பொருந்த வேண்டும். 12 போருக்கு உரிமம் உள்ளவர் ரைபிள் வாங்க முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதால், அவரிடம் ஏற்கெனவே எத்தனை இருக்கின்றன என்றும் பாருங்கள். சந்தேகம் இருந்தால், உரிமம் கொடுத்த அலுவலகத்தில் விசாரியுங்கள்.

'பார்சலில் அனுப்புங்க சார், அட்வான்ஸ் போட்டுடறேன்' என்று சொல்பவரிடம் பேச்சை நிறுத்திவிடுங்கள். துப்பாக்கிக்குத் தாராளமான சட்டம் உள்ள அமெரிக்காவிலேயே, வேறு மாநிலத்துத் தனிநபருக்கு நேரடியாக அனுப்ப முடியாது; உரிமம் பெற்ற கடைக்காரர் வழியாகத்தான் போக வேண்டும். 'காட்டுப்பன்றி சுட வேணும்' என்று வெளிப்படையாகக் கேட்பவருக்கும் கொடுக்காதீர்கள்.

கைமாறும் நாள்

இருவரும் அசல் உரிமங்களோடு நேரில் சந்தியுங்கள். உரிமத்தில் எழுதியுள்ள எல்லையைத் தாண்டித் துப்பாக்கியை எடுத்துச் செல்ல முன் அனுமதி தேவை. விற்பனைக் கடிதத்தில் துப்பாக்கி எண், இரு உரிம எண்கள், தேதி, தொகை ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பணம் வங்கி வழியாக வரட்டும். மீந்த தோட்டாக்களும் ஆயுதச் சட்டத்துக்கு உட்பட்டவை; துப்பாக்கியோடு இனாமாகக் கொடுத்துவிடாதீர்கள். பிறகு உங்கள் உரிமத்திலிருந்து அந்தத் துப்பாக்கியை நீக்கச் சொல்லி மனுக் கொடுங்கள். அதை வாங்கியவர் தன் உரிமத்தில் பதிவு செய்தாரா என்று விசாரிப்பதும் உங்கள் வேலைதான்.

இத்தனை அலைச்சல் முடியாது என்பவர்கள் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலேயே கொடுத்துவிடலாம். விலை குறையும், ஆள் பிடிக்கும் வேலை இருக்காது. அப்போதும் அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதை விட்டுவிடாதீர்கள். எண்பதுகளின் நடுப்பகுதியில் தனிநபர் இறக்குமதி நின்றுபோனதால், நல்ல நிலையில் உள்ள பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகளுக்கு இன்றும் கிராக்கி உண்டு. ஒரே கடையில் கேட்டதை விலையென்று நம்பிவிடாதீர்கள்.

ஆயுதத்தைச் சட்டவிரோதமாக விற்றால் குறைந்தபட்சம் ஏழு ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள் சிறை. 45 நாள் பொறுப்பதே மேல்.