நகல் என்று விரட்டப்பட்டவர்கள்

திரைக்கு இந்தப் பக்கம் – 17

‘ஏபிசிடி 2’ வெளியானது 2015 ஜூன் 19. நோன்பு தொடங்கிய வாரம். அந்த மாதம் எங்கள் ஊரான கலகெதரயில் சினிமாவைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காது. தராவீஹ் தொழுகை முடிந்து வருகிறவர்கள் அன்றைய கஞ்சியின் பதத்தைப் பற்றியும் பெருநாள் உடுப்பின் விலையைப் பற்றியும்தான் பேசுவார்கள். ஆகவே படம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது பெருநாளுக்குப் பிறகு, குருநாகல் வீதியோரக் கடையொன்றில் வாங்கிய கள்ள டிவிடியாக. அதுவோ முப்பரிமாணத்தில் எடுத்த படம். கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டியதை எங்கள் சின்னத் திரையில் பார்த்தபோது, ஆடுகிறவர்கள் எல்லோரும் எதற்கென்றே தெரியாமல் கையையும் காலையும் எங்கள் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்தி எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமலே இந்திப் படம் பார்ப்பது இலங்கையில் தலைமுறைகளாக நடக்கிறது என்பதால் அது ஒரு குறையாகவும் படவில்லை.

இதுவரை இந்தத் தொடரில் சபையில் தைரியமாகச் சொல்லக்கூடிய படங்களைப் பற்றியே எழுதி வந்தேன். இது அப்படிப்பட்டதல்ல. இரண்டரை மணி நேரம் ஓடுகிறது, கதை அதில் பாதிக்குத்தான் வருகிறது. காதல் இருக்கிறது என்று பெயருக்கு இருக்கிறது. கதாநாயகி காலில் அடிபட்டு விழ வேண்டிய இடத்தில் சரியாக விழுகிறாள். ஆனாலும் தொலைக்காட்சியில் எங்காவது இது ஓடினால் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுகிறேன்.

படம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 2013இல் நடன இயக்குநர் ரெமோ டிசூசா ‘ஏபிசிடி’ எடுத்தார். தமிழில் அது ‘ஆடலாம் பாய்ஸ் சின்னதா டான்ஸ்’ என்று வந்தது. ஏ, பி, சி, டி நான்கையும் விடாமல் தமிழ்த் தலைப்பு கண்டுபிடித்தவருக்குத் தனியாக ஒரு விருது கொடுத்திருக்கலாம். சேரிப் பையன்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் விஷ்ணு மாஸ்டராகப் பிரபுதேவா. படம் ஓடியது. இரண்டாம் பாகம் வந்தது, வருண் தவானும் ஷ்ரத்தா கபூரும் சேர்ந்தார்கள், செலவு கூடியது, கதை லாஸ் வேகாஸ் வரை போனது. இந்தியாவில் மட்டும் 100 கோடி ரூபாயைத் தாண்டி வசூலித்தது.

இரண்டாம் பாகம் என்கிறார்களே தவிர முதல் பாகத்தோடு அதற்கு ஒரு தொடர்பும் கிடையாது. இதிலும் பிரபுதேவா பெயர் விஷ்ணுதான், ஆனால் இவர் வேறு விஷ்ணு. முதல் படத்தில் ரியாவாக வந்த லாரன் காட்லீப் இதில் ஒலிவ். முதல் படத்தில் சந்துவாக நடித்துச் செத்துப்போன புனித் பாடக், இதில் வாய் பேசாத வினோதாக எழுந்து வருகிறார். அவர் திரையில் தோன்றியதும் என் உம்மா கேட்டார்: “மகன், இவன் போன படத்துல மௌத்தானவன் தானே?” நான் என்ன சொல்ல? “ஓம் உம்மா, ஆட்டம் விடல்ல” என்றேன். உம்மா அதை ஏற்றுக்கொண்டார். இந்த வகைப் படங்களைப் பார்க்க அந்த மனம் வேண்டும்.

சரி, பாசம் எதனால்? கதையின் முதல் கால் மணி நேரத்தினால்.

மும்பை ஸ்டன்னர்ஸ் என்ற குழு தொலைக்காட்சிப் போட்டியில் ஆடுகிறது. அரங்கம் எழுந்து நிற்கிறது. அப்புறம் நடுவர்கள் சொல்கிறார்கள், இது பிலிப்பைன்ஸ் குழு ஒன்றின் ஆட்டம், அப்படியே எடுத்திருக்கிறீர்கள் என்று. குழு வெளியே போகிறது. அதன்பிறகு அவர்கள் போகும் இடமெல்லாம் நகல், திருடன் என்ற பேச்சு. அந்தப் பழியைக் கழுவத்தான் உலகப் போட்டிக்குப் போகிறார்கள்.

இதை எடுத்த படம் எப்படிப்பட்டது? முதல் படத்தின் வெற்றியைப் பார்த்து எடுத்த இரண்டாம் படம். 2006இல் தொடங்கிய ‘ஸ்டெப் அப்’ படங்களின் வழியில், ஏழைக் குழு, பணக்காரக் குழு, கடைசிப் போட்டி என்று போகிற படம். அதை நாங்கள் பார்த்ததோ நகல் எடுத்த வட்டில். நகல் என்று விரட்டப்பட்டவர்களின் கதையை இவ்வளவு நகலாக ஒரு படம் சொன்னதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அது தெரிந்தே செய்ததா என்று கேட்டால், இல்லை என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் பிடிக்கிறது.

எங்கள் ஊரில் நடனம் கற்ற எந்தப் பையனும் பள்ளிக்கூடம் போய்க் கற்றவன் அல்ல. டிவியில் பார்த்து, நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடியும் பார்த்து, மொட்டை மாடியில் ஆடிப் பார்த்துக் கற்றவன். பெரியவர்கள் வந்தால் கிரிக்கெட் மட்டையைக் கையில் எடுத்துக்கொள்வான். அவனிடம் போய் நீ பிரபுதேவாவை நகல் எடுக்கிறாய் என்று சொன்னால் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வான்.

இங்கிருந்து கண்டி பக்கத்தில்தான். எசல பெரஹராவில் வெஸ் தலைப்பாகை கட்டி ஆடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வாரிசாக வரும் சிறுவன் குருவின் காலைப் பார்த்து வைத்த அடிதான் அது. அந்த ஆட்டத்தில் வன்னம் என்ற பதினெட்டு வகை இருக்கிறது. யானைக்கு ஒன்று, மயிலுக்கு ஒன்று, குதிரைக்கு ஒன்று. சீடன் அதில் தன் இஷ்டத்துக்கு ஒன்றைச் சேர்த்தால் குரு மகிழ மாட்டார். அச்சாகத் திருப்பிச் செய்து காட்டுவதற்கு வருடங்கள் போக வேண்டும், அதற்குப் பிறகுதான் நல்ல நேரம் பார்த்துத் தலையில் வெஸ் ஏறும். அங்கே நகல் எடுக்கத் தெரியாதவன்தான் குற்றவாளி. போட்டி மேடைக்கு வந்ததும் அதே காரியம் களவாகிவிடுகிறது.

இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. சீடன் யாரிடம் கற்றேன் என்று சொல்கிறான். பரிசு வாங்க வந்தவன் சொல்லவில்லை. படம் இந்த இடத்தில் நின்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. “நாங்கள் தவறு செய்தோமா?” என்ற கேள்வியை எழுப்பிவிட்டு, பதிலுக்கு மூவர்ணக் கொடியை விரித்துவிடுகிறது. மும்பை ஸ்டன்னர்ஸ் இந்தியன் ஸ்டன்னர்ஸ் ஆகிறார்கள், கடைசி ஆட்டம் தேசபக்தி ஆட்டமாகிறது. இது ஏமாற்று வேலை, சந்தேகமேயில்லை. அந்தக் கொடியில் எங்களுக்குப் பங்கும் கிடையாது. இருந்தும் எங்கள் அறையில் அந்தச் சில நிமிடங்கள் யாரும் பிளேன்டீக் கோப்பையைத் தொடவில்லை. நல்ல ஆட்டத்துக்கு முன்னால் நியாயம் பேசுவது கஷ்டம்.

இந்தக் கதைக்கு அடியில் உண்மை மனிதர்கள் இருக்கிறார்கள். மும்பைக்கு வடக்கே நாலாசோப்பாராவைச் சேர்ந்த சுரேஷ் முகுந்த், வெர்னன் மொன்டேரோ இருவரும் கட்டிய குழு. 2011இல் ‘இந்தியாஸ் காட் டேலண்ட்’ வென்றார்கள். 2012இல் லாஸ் வேகாசில் உலக ஹிப் ஹாப் போட்டிக்குப் போனார்கள். படம் வந்த அதே 2015இல் சான் டியேகோவில் வெண்கலம் எடுத்தார்கள். 2019இல், கிங்ஸ் என்ற பெயரில், அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘வேர்ல்ட் ஆஃப் டான்ஸ்’ போட்டியில் முதலிடமும் பத்து லட்சம் டொலரும். அவர்களுடைய வாழ்க்கையைப் படமாக்கியவர்கள் நான்கு வருடம் பொறுத்திருந்தால் கொடி இல்லாமலே நல்ல முடிவு கிடைத்திருக்கும்.

நடனப் படத்தின் இரண்டாம் பாகம் என்றாலே சிரிப்பு வருவதற்கு மூலகாரணம் 1984இல் இருக்கிறது. அந்த மே மாதம் ‘பிரேக்கின்’ என்ற அமெரிக்கப் படம் வந்து நன்றாக ஓடியது. கேனன் நிறுவனத்தார் கோலனும் குளோபஸும் சூட்டோடு சூடாக இரண்டாம் பாகத்தை எடுத்து அதே டிசம்பரில் விட்டார்கள். பெயர் ‘பிரேக்கின் 2: எலெக்ட்ரிக் பூகலூ’. இளைஞர் மையத்தை இடித்துக் கடைத்தொகுதி கட்டப் பார்க்கிறார்கள், பையன்கள் ஆடியே தடுக்கிறார்கள். தபால்காரர் ஆடுகிறார், ஆஸ்பத்திரி ஆடுகிறது. இன்றைக்கும் அமெரிக்காவில் வேண்டாத இரண்டாம் பாகம் எதற்கும் ‘எலெக்ட்ரிக் பூகலூ’ என்று வால் ஒட்டிக் கேலி செய்கிறார்கள். ஆனால் அந்தப் படத்தில் மைக்கல் சேம்பர்ஸ் சுவரிலும் கூரையிலும் ஏறி ஆடுவார் பாருங்கள்! அறையையே சுழற்றி எடுத்த காட்சி. 1951இல் பிரெட் அஸ்டேர் செய்ததன் நகல்தான். அஸ்டேருடையது நேர்த்தி, இவருடையதில் கும்மாளம் அதிகம். எனக்கு இவருடையது பிடிக்கும்.

கடைசியாகப் பிரபுதேவா. 1988இல் ‘அக்னி நட்சத்திரம்’ படப் பாடலொன்றில் பின்வரிசையில் ஆடிய பையன். 1994இல் ‘காதலன்’. முக்காபுலாப் பாட்டில் தலையும் கையும் மறைந்து உடுப்பு மட்டும் ஆடுமே, அதைப் பார்த்துவிட்டு என் வயதுப் பையன்கள் தொளதொளக் காற்சட்டைக்காக வாப்பாமாரிடம் அடி வாங்கினார்கள். ‘ஏபிசிடி 2’ வந்தபோது அவருக்கு 42 வயது. படத்தில் குடிகாரர். பிரிந்துபோன மகனை லாஸ் வேகாசில் பார்க்க வேண்டும் என்ற உள்நோக்கத்தோடு குழுவில் ஒட்டிக்கொள்கிற, முழுதாக நம்ப முடியாத மாஸ்டர். மது விடுதியில் அவர் தனியாக ஆடும் ஒரு பாட்டு இருக்கிறது. சுற்றிலும் இருபது வயதுக்காரர்கள் எலும்பை முறித்து ஆடும் படத்தில் இந்த மனிதர் தள்ளாடுகிறார். தள்ளாட்டம் தாளத்துக்குள் விழுகிறது. விழுந்துவிடுவார் போலச் சாய்ந்து, விழாமல், அதையே அடுத்த அடிக்கு ஆரம்பமாக்குகிறார். முழங்காலுக்குக் கீழே எலும்பு இல்லையோ என்று தோன்றும். அந்த ஒரு பாட்டுக்காக நான் படம் முழுவதையும் மன்னிப்பேன். உம்மா அவ்வளவு தாராளம் இல்லை, “குடிச்சிட்டு ஆடுறதுக்கு இவ்வளவு பயிற்சியா?” என்று கேட்டார்.

மூன்றாவது படமும் வந்தது. ஏபிசிடி என்ற பெயர் இல்லாமல், ‘ஸ்ட்ரீட் டான்சர் 3டி’ என்று, 2020 ஜனவரியில். லண்டனில் நடக்கும் கதை, அதே ஜோடி, அதே போட்டி. முக்காபுலாவைப் புதிதாக இசையமைத்து மறுபடியும் பிரபுதேவாவையே ஆட வைத்திருக்கிறார்கள். அந்தப் பாட்டை மட்டும் பாருங்கள். மிச்சம் வேண்டாம்.

(தொடரும்)