பழவேற்காடு நண்டு ருசிக்க போறீங்களா? முகத்துவாரம் அடைச்சா குழம்பு சட்டி காலி!

பழவேற்காடு:

ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். சென்னையில் இருந்து பைக், வேன், கார் என்று பழவேற்காட்டுக்கு கூட்டம் கிளம்பி விடுகிறது. டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கோட்டை இருந்த இடம், அவர்களின் பழைய கல்லறைகள், பூநாரை பறவைகள் என்று பார்க்க நிறைய இருக்கிறது. ஆனால் பாதிப்பேர் வருவது வயிற்றுக்காகத்தான். சுடச்சுட சோறு, நண்டு குழம்பு, இறால் தொக்கு, மடவை மீன் வறுவல்!

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோ மீட்டர். கும்மிடிப்பூண்டி மின்சார ரெயிலில் ஏறி பொன்னேரியில் இறங்கினால் அங்கிருந்து பஸ் இருக்கிறது.

இங்கே பெரிய ஓட்டல் எதையும் எதிர்பார்க்காதீங்க. சின்ன மெஸ், ஓலைக்கொட்டகை, வீட்டிலேயே சமைத்து கொடுக்கும் மீனவர் குடும்பங்கள், அவ்வளவுதான். மார்க்கெட்டில் வாங்கி கொடுத்தால் சமைத்து தருகிறவர்களும் உண்டு. நண்டு கழுவி, உடைத்து, மசாலா ஏறி வர நேரம் ஆகும். பசி வருவதற்கு முன்னாடியே சொல்லி வைத்து விடுவது நல்லது.

ருசி எங்கிருந்து வருது?

பழவேற்காடு ஏரி கடலும் இல்லை, குளமும் இல்லை. ஆரணி ஆறு, காளங்கி ஆற்று தண்ணீர் ஒரு பக்கம், வங்கக்கடல் உப்பு தண்ணீர் மறுபக்கம். இரண்டும் கலக்கும் உவர் ஏரி இது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து நாட்டிலேயே 2-வது பெரியது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்கு பகுதிதான் தமிழ்நாட்டில், திருவள்ளூர் மாவட்டத்தில் வருகிறது.

ஆழம் குறைவு, சேறு அதிகம். சேற்று நண்டு கொழுத்து வளர இதைவிட நல்ல இடம் கிடையாது. இந்த வகை நண்டு உயிரோடு சிங்கப்பூர் வரை விமானம் ஏறுகிறது. நல்ல நண்டெல்லாம் ஏற்றுமதிக்கு போவதால்தான் உள்ளூரில் விலை எகிறி நிற்கிறது.

தண்ணி நண்டு... உஷார்!

ஓடு கழற்றி புது ஓடு போட்ட நண்டு பார்க்க பெரிதாக இருக்கும். உடைத்தால் உள்ளே தண்ணீர்தான். இதைத்தான் தண்ணி நண்டு என்பார்கள். வாங்கும்போது அடிப்பக்கம் காலோரம் விரலால் அழுத்தி பாருங்க. அமுங்கினால் வேண்டாம். கல் மாதிரி இருந்தால் சதை இருக்கிறது என்று அர்த்தம். கையில் தூக்கினால் கனமாகவும் இருக்க வேண்டும்.

வயிற்றில் முட்டை ஒட்டிக்கொண்டிருக்கும் சினை நண்டை வாங்காதீங்க. ஒரு நண்டிடம் லட்சக்கணக்கில் முட்டை இருக்கும். இன்றைக்கு ஒரு வாய் ருசி, நாளைக்கு ஒரு ஊர் பிழைப்பு!

விலையை முதலிலேயே பேசி விடுங்க. கிலோ கணக்கா, தட்டு கணக்கா, சமையல் கூலி தனியா என்று கேட்டுக்கொண்டால் சாப்பிட்ட பிறகு தகராறு இல்லை.

அந்த இறாலுக்கு பின்னால்...

பழவேற்காட்டு குப்பங்களில் 'பாடு' என்று ஒரு முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. இறால் நன்றாக படும் இடத்தில் எல்லோரும் ஒரே நாளில் வலை போட முடியாது. யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்பதை சீட்டு போட்டு முறை வைத்து பிரித்துக்கொள்வார்கள். வசதியானவருக்கும் ஒரு பாடு, இல்லாதவருக்கும் ஒரு பாடு.

இருளர் சமூக பெண்கள் வலையே இல்லாமல், தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்து, கையாலேயே சேற்றை தடவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததை போட்டு வைக்கும் ஓலை பறியை வாயில் கடித்துக்கொண்டு மணிக்கணக்கில் வேலை செய்வார்கள். உங்கள் இலையில் விழும் இறால் தொக்கில் அந்த உழைப்பும் இருக்கிறது.

முகத்துவாரம்தான் உயிர்

இறால் முட்டையிடுவது ஏரியில் இல்லை, கடலில். பொரித்த குஞ்சுகள் கடலேற்றத்தோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து சில மாதம் வளர்ந்து, திரும்ப கடலுக்கு போகும். சேற்று நண்டும் அப்படித்தான். முட்டையிட தாய் நண்டு கடலுக்கு போயாக வேண்டும்.

அந்த வாசலில் மணல் மேடிட்டு அடைத்தால் என்ன ஆகும்? குஞ்சு உள்ளே வராது. வெயில் காலத்தில் ஏரி தண்ணீர் வற்றி உப்பு கரிக்கும். வலை காலியாக வரும். படகும் கடலுக்கு போக முடியாது. மழை வெள்ளம் வந்து மணலை உடைத்தால்தான் திரும்ப வழி பிறக்கும்.

அதனால்தான் முகத்துவாரத்தை நிரந்தரமாக திறந்து வைக்க வேண்டும் என்று மீனவர்கள் பல வருடமாக போராடி வந்தார்கள். இருபுறமும் கல் கொட்டி மணலை தடுக்கும் பணியை அரசு கையில் எடுத்ததும் இந்த கோரிக்கையால்தான். வாசல் திறந்திருந்தால் குப்பத்திலும் அடுப்பு எரியும், மெஸ்சிலும் சட்டி கொதிக்கும்.

படகு ஆசை வேண்டாம்

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவர்களின் படகு இந்த ஏரியில் கவிழ்ந்து 22 பேர் பலியானார்கள். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். அதன் பிறகுதான் சுற்றுலா படகு சவாரிக்கு தடை வந்தது. சாப்பிட்ட கையோடு 'ஒரு ரவுண்டு போலாம் வாங்க' என்று யாராவது கூப்பிட்டால் மறுத்து விடுங்க.

பிளாஸ்டிக் தட்டு, தண்ணீர் பாட்டிலை கரையில் வீசாதீங்க. அடுத்த வாரம் நீங்கள் கேட்கப்போகும் நண்டு அந்த சேற்றில்தான் வளர்கிறது!