பதிவேடுகள் பேசும் படிப்பு

சென்ற மாதம் கரமனையில் ஒரு கல்யாண வீடு. பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, நாகர்கோவில் பக்கத்து அன்பர் ஒருவர் தம் மகளை அழைத்து வந்தார். "அண்ணாச்சி, பி.எஸ்ஸி. கணக்கு முடிச்சிட்டா. எம்.பி.ஏ.ல சிஸ்டம்ஸ் எடுக்கப் போறேங்கா. கம்ப்யூட்டர்னா எம்.சி.ஏ. படிக்கலாம்லா? இது ரெண்டுங்கெட்டான் படிப்பாத் தெரியுதே!" என்றார்.

நான் டிப்ளமோ படித்து, ரயில் பாதையில் நடந்தே காலம் கழித்தவன். என்றாலும் இந்தக் கேள்விக்கு என் அனுபவத்தில் ஒரு பதில் உண்டு.

பல வருடங்களுக்கு முன், என் பொறுப்பிலிருந்த பிரிவில் ஒரு மார்கழி விடியற்காலையில் தண்டவாள வெல்டு ஒன்று முறிந்தது. கீமேன் கண்டு சிவப்புக் கொடி காட்டியதால் வண்டி நின்றது. பல உயிர்கள் தப்பின. அன்று இரவு பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். முந்தைய இரண்டு குளிர்காலங்களில் மூன்று முறிவுகள். வெல்டு பதிவேட்டை அருகில் வைத்துப் பார்த்தால், நான்கும் ஒரே வாரத்தில் ஒட்டப்பட்டவை! எல்லாம் என் அலமாரியிலேயே இருந்தன. சேர்த்துப் பார்க்காத குற்றம் என்னுடையது.

குறிப்புகள் வேறு, தகவல் வேறு. சிதறிக் கிடக்கும் குறிப்புகளைத் தொகுத்து, முடிவெடுக்க வேண்டியவர் கையில் உரிய நேரத்தில் சேர்க்கும் வழிமுறைதான் மேலாண்மைத் தகவல் முறை. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகம் 1968-லேயே இதைத் தனிப் படிப்பாக்கியது. நம் ரயில்வேயும் 1986-இல் இதற்கென 'கிரிஸ்' என்ற தகவல் முறை மையத்தை அமைத்தது. முன்பதிவையே பாருங்கள். கவுண்டர் எழுத்தருக்கு அது ஒரு பெர்த்; அதே கணக்கு, காத்திருப்போர் பட்டியலாக அதிகாரியிடம் போகும்போது, கூடுதல் பெட்டி இணைக்கலாமா என்ற முடிவுக்கு உதவுகிறது.

எம்.சி.ஏ. படிப்பவர் நிரலை எழுதக் கற்கிறார். இந்தப் படிப்பில் தரவுத்தளம், முறைமைப் பகுப்பாய்வு ஆகியவற்றோடு கணக்கியல், உற்பத்தி, சந்தை எல்லாம் உண்டு. எந்த முடிவுக்கு எந்தத் தகவல் தேவை, அதை யார் பார்க்க வேண்டும் என்பதே இங்கே முதல் கேள்வி. ஆகவே இது ரெண்டுங்கெட்டான் அல்ல, இரண்டையும் இணைக்கும் பாலம்.

நம் திருவனந்தபுரத்துக்கு இது புதிதும் அல்ல. 1990-இல் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் உருவானது. 2000-இல் அங்கே தொடங்கிய நிறுவனத்தின் பெயரிலேயே தகவல் தொழில்நுட்பமும் மேலாண்மையும் சேர்ந்திருந்தன. அதுவே 2020-இல் கேரள டிஜிட்டல் பல்கலைக்கழகமாயிற்று.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எம்.பி.ஏ. சேர்க்கைக்குக் கேமேட், சிமேட், கேட் ஆகிய நுழைவுத் தேர்வுகள் உள்ளன. பணம் கட்டுமுன் பாடத்திட்டத்தை வாங்கிப் படியுங்கள். 'சிஸ்டம்ஸ்' என்ற பெயர் மட்டும் இருந்தால் போதாது; தரவுத்தளப் பயிற்சியும், ஒரு நிறுவனத்தில் நேரில் செய்யும் புராஜெக்டும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பிள்ளைக்குக் கணக்கும் பிடிக்க வேண்டும், நாலு பேரிடம் கேட்டு அறியும் பொறுமையும் வேண்டும்.

எல்லாம் கேட்ட அந்தப் பெண், "மாமா, அந்த நோட்டுகளை மொத்தமாப் பார்க்க வேண்டியது யார் வேலைன்னு யாராவது எழுதி வெச்சிருந்தாங்களா?" என்றாள்.

அன்பரிடம் திரும்பி, "தாராளமாகச் சேர்த்து விடுங்கள்" என்றேன்.